பொம்பள, பெட்டை, அம்மணி, அம்மா: தலைவரை எப்படிக் கூப்பிடுவது?

கேள்வி கேட்டவர் மதுரைப் பக்கத்துக்காரர், மனைவி கோயம்புத்தூர். பேச்சுவாக்கில் "பக்கத்து வீட்டுப் பொம்பள" என்று இவர் சொல்ல, "அதென்ன பொம்பள, மரியாதையாச் சொல்லுங்க" என்று மனைவி திருத்தியிருக்கிறார். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரரோ சொந்தத் தங்கையையே "பெட்டை" என்கிறாராம். இதற்கு நடுவில், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் ஒரு பெண்ணுக்காக இவர் மேடையேறிப் பேச வேண்டியிருக்கிறது. "அக்கா என்பதா, அம்மா என்பதா, வேட்பாளர் என்பதா? பெண்ணைக் குறிக்க எதுதான் மரியாதையான சொல்? சொல்லை மாற்றினால் அரசியலில் சமத்துவம் வந்துவிடுமா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நடுவில் சில வருடங்கள் ஊராட்சித் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பாடம் எடுத்ததும் உண்டு. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன். பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். விஷயம் அதற்குப் பின்னால் வரும் வினைமுற்றில் ஒளிந்திருக்கிறது. "அந்தப் பொம்பள வந்தா", "அந்தப் பொம்பள வந்தாங்க" இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், புரியும்.

முதலில் பொம்பள. பெண்பிள்ளைதான் பொம்பிள்ளையாகி, பொம்பளயாகத் தேய்ந்தது. பெட்டி பொட்டியாவதும், பெண் பொண்ணாவதும், பிள்ளை புள்ளயாவதும் எப்படியோ அப்படித்தான் இதுவும். ப என்றதும் உதடு குவிகிறது, அடுத்த உயிரையும் அது தன்னோடு இழுத்துக்கொள்கிறது. ஆண்பிள்ளை ஆம்பளயானதும் கிட்டத்தட்ட இதே பட்டறையில்தான். ஆக ஆம்பள, பொம்பள இரண்டும் உடன்பிறந்த சொற்கள், இரண்டிலும் இருப்பது பிள்ளை. பிறப்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் "ஆம்பளயா இருந்தா வாடா" என்றால் வீரம், "பொம்பள மாதிரி பேசாதே" என்றால் வசை. சொல் பாவம், அது என்ன செய்யும்? உங்கள் மனைவி காதில் பட்டது அந்த வசையின் வாசனைதான். மதுரைப் பக்கம் வயலில் நிற்கும் பெண்களே "நாங்க பொம்பளயாளுக" என்று தங்களைச் சொல்லிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

பெட்டை விஷயம் இன்னும் சுவாரசியம். தமிழ்நாட்டில் பெட்டை என்றால் கோழியும் குருவியும் ஞாபகத்துக்கு வரும். பொட்டை என்று அதையே அழுத்திச் சொன்னால் திட்டு. அதுவும் பெண்ணைத் திட்ட மட்டும் அல்ல, ஆணைச் சிறுமைப்படுத்தவும் திருநங்கைகளைக் காயப்படுத்தவும் பயன்படும் திட்டு. யாழ்ப்பாணத்தில் பெடியன், பெட்டை என்பது பையன், பொண்ணு என்பதைப் போன்ற சாதாரணப் பேச்சு. "பெட்டையள் பள்ளிக்கூடம் போட்டுதுகள்" (போய்விட்டார்கள்) என்று தாயே சொல்வாள். அங்கே மனைவியை "என்ர மனிசி" என்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கு மாப்பிளைக்கு இணையாகப் பொம்பிளை என்று பெயர். உங்கள் நண்பர் தங்கையை அவமதிக்கவில்லை. ஆனால் அவர் மதுரைக்கு வந்து அந்தச் சொல்லைப் பேருந்தில் சத்தமாகச் சொன்னால் யாராவது சட்டையைப் பிடிக்கக்கூடும்.

அரசியலுக்கும் இந்தப் பெட்டைக்கும் ஓர் உறவு உண்டு. "பொட்டக்கோழி கூவிப் பொழுது விடியுமா?" என்ற பழமொழியைக் கேட்காமல் எந்த ஊரிலும் ஒரு பெண் தேர்தலில் நின்றிருக்க மாட்டாள். சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை என்பது வேறு விஷயம். கையாலாகாத அதிகாரிக்கோ அமைச்சருக்கோ வளையலும் சேலையும் அனுப்பிப் போராட்டம் நடத்துவதும் இதே கூட்டைச் சேர்ந்ததுதான். அந்தப் போராட்டத்துக்கு வளையல் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் கட்சியின் மகளிர் அணி என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வட்டாரத்துக்கு வட்டாரம் விளிச்சொற்கள் எவ்வளவு மாறுகின்றன! கொங்குப் பக்கம் பெற்ற மகளைக்கூட "அம்மணி, வாங்க கண்ணு" என்று கூப்பிடுவார்கள். அதே அம்மணியைச் சென்னை வாரப்பத்திரிகையின் கிசுகிசுப் பக்கத்தில் பார்த்தால் நக்கல். மதுரை, தேனி, இராமநாதபுரம் பக்கம் ஐந்து வயதுச் சிறுமியும் "தாயி", எண்பது வயதுக் கிழவியும் "தாயி". அங்கேயே "வாத்தா, போத்தா" என்று ஆத்தாவைச் சுருக்கி அன்பாகச் சொல்வார்கள். செட்டிநாட்டில் அக்காவை ஆச்சி என்பார்கள், திருநெல்வேலியில் பாட்டிதான் ஆச்சி. நெல்லையில் பையனுக்கு "ஏலே", பெண்ணுக்கு "ஏட்டி". கொங்கில் அண்ணி நங்கை, தெற்கே மதினி அல்லது மைனி. நங்கை என்ற அந்தப் பழைய சொல்தான் திருநங்கை என்று அரசு ஆவணங்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. திருநங்கைகளுக்கான நல வாரியத்தைத் தமிழ்நாடு அரசு 2008-ல் அமைத்தது. அதற்கு முன் அவர்களைக் குறிக்கத் தெருவில் இருந்த சொற்களில் பாதியை இங்கே எழுத முடியாது. ஆட்சியில் இருப்பவர்கள் மனது வைத்தால் சொல் மாறும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இலக்கணப் புத்தகத்தில் படித்த ஏழு பருவங்களும் ஞாபகம் இருக்கும்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேதைக்கு 5 முதல் 7 வயது என்று தொடங்கி, பேரிளம்பெண்ணுக்கு 40 வயதோடு கணக்கு முடிகிறது. 40-க்கு மேல் அவளுக்குப் பருவமும் இல்லை, பெயரும் இல்லை. நம் கட்சிகளில் 40 வயது என்றால் இளைஞர் அணியில் இன்னும் சில வருடம் மிச்சம் இருக்கும் வயது.

சரி, வீட்டுக்குள் வருவோம். இல்லாள், இல்லத்தரசி, மனைவி, மனையாள், வீட்டுக்காரி என்று எதை எடுத்தாலும் இல், மனை, வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணுக்கு வீட்டுக்காரர் என்று ஒன்று உண்டு. அது வீட்டின் சொந்தக்காரர் என்ற தொனியில் வருவது. இல்லாளுக்கு ஆண்பால் தேடி இல்லான் என்று போனால் ஒன்றும் இல்லாதவன் என்று அர்த்தம் மாறிவிடும்! மனைவிக்கு ஆண்பாலாக மனைவன் என்று யாரும் சொல்வதில்லை. குடும்பத்துக்கு வந்தால் "குடும்பத் தலைவி" என்று தாராளமாகத் தலைவி பட்டம் கிடைக்கிறது. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ரேஷன் அட்டைக்குக் குடும்பத்தின் மூத்த பெண்ணைத்தான் தலைவராகக் கொள்கிறது. அடுப்படிக்கு வெளியே அந்தப் பட்டம் செல்லுபடியாவதில்லை.

பெண்டாட்டி என்ற சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதிலுள்ள "ஆட்டி", ஆள் என்ற வேரிலிருந்து வந்தது. பெருமாட்டி, சீமாட்டி, மூதாட்டி, பிராட்டி எல்லாம் அதே குடும்பம். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இன்றும் திருமதி என்று எழுதும் இடத்தில் திருவாட்டி என்று எழுதுகிறார்கள். கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. நம் ஊரிலோ சீமாட்டி ஒரு கிண்டல் சொல்லாகிப் போனாள்.

கணவனை இழந்தவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, மனைவியை இழந்தவனுக்கு ஏன் இல்லை என்பது சுயமரியாதை இயக்க மேடைகளில் கேட்கப்பட்ட கேள்வி. கற்பு என்ற சொல் ஏன் பெண்ணுக்கு மட்டும் என்று பெரியார் விடாமல் கேட்டார். இத்தனைக்கும் பழந்தமிழில் ஆணுக்கும் ஒரு சொல் இருந்தது. மனைவியை இழந்தவனின் நிலையைத் தொல்காப்பியம் தபுதார நிலை என்கிறது. அந்தத் தபுதாரன் இலங்கையின் அரசாங்கத் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறான், ஓய்வூதியப் படிவத்தில் பார்க்கலாம். நாம்தான் தொலைத்துவிட்டோம். தேவைப்படாத சொல்லை யார் வைத்துக் காப்பாற்றுவார்கள்? மனைவியை இழந்தவன் எந்தக் கல்யாண வீட்டிலும் ஓரமாக நிற்க வேண்டியிருக்கவில்லையே.

இப்போது வினைமுற்றுக்கு வருகிறேன். ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று உயர்திணையை மூன்றாகப் பிரித்த தொல்காப்பியம் ஆணுக்கு ன், பெண்ணுக்கு ள், பலருக்கு ர் என்று கொடுத்தது. பலருக்கான ர் ஆண், பெண் பார்ப்பதில்லை. பின்னால் அதே ர் ஒருவரை மரியாதையாகச் சொல்லவும் வந்தது. தலைவர், அமைச்சர், உறுப்பினர், ஆசிரியர், மருத்துவர், வேட்பாளர் எதுவும் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காது. இது தமிழுக்குக் கிடைத்த பெரிய வசதி. 2007-ல் பிரதிபா பாட்டீல் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானபோது, ராஷ்டிரபதி என்பதிலுள்ள பதிக்குக் கணவன் என்றும் பொருள் உண்டே, பெண்ணை எப்படி அழைப்பது என்று இந்திக்காரர்கள் விவாதித்தார்கள். 2022-ல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் திரௌபதி முர்முவை "ராஷ்டிரபத்னி" என்று சொல்லி, அவை அமளியாகி, கடைசியில் அவர் மன்னிப்புக் கேட்டார். தமிழில் குடியரசுத் தலைவர் அன்றும் குடியரசுத் தலைவர்தான், இன்றும் அப்படியேதான்.

ஆனால் இந்த வசதி எழுத்தோடு சரி. பேச்சுக்கு வந்ததும் ஓட்டை விழுகிறது. எழுத்தில் "அவர் வந்தார்" இரண்டு பேருக்கும் பொது. பேச்சில் "அவரு வந்தாரு" என்றால் அது ஆண்தான். பெண்ணுக்கு மரியாதை தர வேண்டுமென்றால் "அவங்க வந்தாங்க" என்று பலர் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். "கலெக்டர் வந்தாரா?" என்று கேட்பவன் மனதில் ஓர் ஆண் இருக்கிறான். "கலெக்டர் வந்தாங்களா?" என்று கேட்டால்தான் பெண் என்று தெரிகிறது. இதை நான் வகுப்பறையில் சோதித்தே பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு பெண். "தலைமையாசிரியர் கொடியேற்றினார்" என்ற வரிக்குப் படம் வரையச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மீசை வைத்து வரைந்தார்கள். தினமும் காலையில் கொடிமரத்தடியில் பார்க்கும் அம்மாவுக்கே மீசை!

மரியாதைக்குக் கீழே இறங்கினால் இன்னும் ஒரு படி உண்டு. "அந்தப் புள்ள வந்துச்சு", "அது ஊருக்குப் போயிருக்கு" என்று மகளையும் மனைவியையும் அஃறிணையில் சொல்வது பல வட்டாரங்களில் சாதாரணம். அதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. குழந்தையையும் அப்படித்தானே சொல்கிறோம். ஆனால் வீட்டுக்காரரை "அது வந்துச்சு" என்று மனைவி ஊர் நடுவில் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் வாயில் அவர் எப்போதும் "அவரு", "அவுக". பாசம் ஒரு பக்கமாகவே வழிகிறது.

யாழ்ப்பாணத்தார் இந்த இடத்தில் நம்மை முந்திவிட்டார்கள். அங்கே அவள் மரியாதையில்லாத சொல், அவர் ஆணுக்கான மரியாதைச் சொல், பெண்ணுக்கு மரியாதையாக "அவா" என்று தனியே ஒன்று உண்டு. "ரீச்சர் வந்தவா, அவா சொன்னவா" என்பார்கள். ஒருத்தியை ஒருத்தியாகவே வைத்து மரியாதை செய்யும் வினைமுற்று. இலங்கையில் 1931-லேயே ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து வடகொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு மட்டும் 2018 தேர்தல் வரை காத்திருந்தது. நல்ல வினைமுற்று இருந்தும் ஒதுக்கீட்டுக்கு 87 வருடம். ஆகையால் இலக்கணம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை.

நம் பக்கத்தின் கதையும் முன்னோடிக் கதைதான். சென்னை மாகாணத்தில் 1921-ல், நீதிக்கட்சி ஆட்சியில், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. சொத்துத் தகுதி இருந்ததால் சிலருக்குத்தான். 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையின் துணைத் தலைவரானார். அந்தக் காலத்து அச்சில் பெண்கள் பெரும்பாலும் ஸ்திரீகள். பிறகு மாதர் ஆனார்கள், மாதர் சங்கம் என்ற பெயரை இடதுசாரிகள் இன்றுவரை வைத்திருக்கிறார்கள். திராவிடக் கட்சிகள் மகளிர் என்றன, மகளிர் அணி என்றன. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டத்தைக் கொடுத்தது. பட்டம் கொடுத்தவர்கள் பெண்கள், கொடுத்த சொல்லும் ஆண், பெண் பார்க்காத ர் விகுதிச் சொல். அதற்கு முன்பே, 1932-ல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பியவர், திரு, ஸ்ரீமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு "தோழர்" என்று அழைக்கச் சொல்லியிருந்தார். திருமதியா, செல்வியா என்று விசாரிக்காத அரசியல் விளிச்சொல் அது. இன்றைக்குப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளுக்கு வெளியே அது அதிகம் கேட்பதில்லை என்பது எனக்குக் குறைதான்.

மற்ற மேடைகளில் என்ன கேட்கிறது? அண்ணா தன் கடிதங்களைத் "தம்பி" என்று தொடங்கினார். கருணாநிதி அதை "உடன்பிறப்பே" என்று மாற்றிக்கொண்டார். அண்ணனா தங்கையா என்று சொல்லாத அழகான சொல். எம்.ஜி.ஆருக்குப் பெண்கள் "தாய்க்குலம்". சுவரொட்டிகளில் அன்னை இந்திரா, அன்னை சத்தியவாணி முத்து. அப்புறம் அம்மா.

ஜெயலலிதாவின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரசு விளம்பரத்தில் அவர் "செல்வி ஜெ ஜெயலலிதா". திரு என்ற சொல் ஓர் ஆண் கல்யாணம் ஆனவரா இல்லையா என்று சொல்வதில்லை. ஆனால் முதலமைச்சராகவே இருந்தாலும் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் அது தெரிய வேண்டியிருந்தது. அதே விளம்பரத்தில் அவர் "மாண்புமிகு அம்மா". கல்யாணம் ஆகாதவர் என்று ஒரு சொல்லும், எல்லோருக்கும் தாய் என்று ஒரு சொல்லும் ஒரே மூச்சில். 2013-ல் தொடங்கிய உணவகம் அம்மா உணவகம், பிறகு அம்மா குடிநீர், அம்மா உப்பு, அம்மா சிமெண்ட். ஓர் அரசியல்வாதியின் அதிகாரத்தை ஊர் ஏற்றுக்கொள்ள அவரைத் தாயாக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. அவருக்குப் பின் சின்னம்மா வந்தார், வேறொரு கட்சியில் அக்கா வந்தார்.

ஆண்களுக்கும் உறவுப்பெயர் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அண்ணா என்பதே உறவுப்பெயர்தான், ஐயாவும் உண்டு. ஆனால் ஆணுக்கு அதோடு நிற்பதில்லை. தளபதி ஆகலாம், கேப்டன் ஆகலாம், கலைஞர் ஆகலாம், நாவலர், பேராசிரியர் என்று கடை பெரிது. பெண்ணுக்கு உறவைத் தாண்டி விற்பனைக்கு இருந்த பெரிய பட்டம் என்றால் "புரட்சித் தலைவி". அதுவும் "புரட்சித் தலைவர்" என்ற ஆண் பட்டத்தை வைத்துத் தைத்தது.

தாய்மார்களே என்று கும்பிடும் மேடையில் நாற்காலி எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் கும்பிடின் விலை தெரியும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் பெண் வாக்காளர்கள் சுமார் 3 கோடியே 19 லட்சம், ஆண்கள் சுமார் 3 கோடியே 9 லட்சம். பெண்கள்தான் அதிகம். வென்ற பெண்கள் 234-ல் 12 பேர். நாம் தமிழர் கட்சி அந்தத் தேர்தலில் 117 பெண்களை நிறுத்தியது, சரிபாதி. ஒருவரும் வெல்லவில்லை, அந்தக் கட்சியில் ஆண்களும் யாரும் வெல்லவில்லை. வெல்லக்கூடிய கட்சிகளோ பாதி கொடுப்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 5 பெண்கள். நாடு முழுவதும் 543-ல் 74.

சட்டம் கட்டாயப்படுத்திய இடத்தில் மட்டும் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1994-ன் ஊராட்சிகள் சட்டம் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கியது, 2016-ல் ஊராட்சியிலும் நகரத்திலும் அது பாதியானது. அதனால்தான் 2022 நகர்ப்புறத் தேர்தலுக்குப் பிறகு 21 மாநகராட்சிகளில் 11 இடத்தில் பெண்கள் மேயரானார்கள். சட்டமன்றங்களுக்கும் மக்களவைக்குமான ஒதுக்கீட்டு மசோதா முதலில் வந்தது 1996-ல், நிறைவேறியது 2023-ல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே செல்லும் என்ற நிபந்தனையும் அதிலேயே எழுதப்பட்டது. அதன் பெயரைக் கவனித்தீர்களா? "நாரி சக்தி வந்தன்". நாரி சக்தி என்றால் பெண் சக்தி, வந்தன் என்றால் வணக்கம். அதே 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் "உரிமைத் தொகை" என்று வைத்தார்கள். பணம் பெரிதில்லை என்பவர்கள் இருக்கலாம். பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. வணக்கத்தை வைப்பவர் நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம், உரிமையை அப்படி முடியாது.

இனி ஊராட்சி. என் முதல் பயிற்சி வகுப்பை மறக்க முடியாது. "தலைவர்கள் எல்லாம் உள்ளே வாங்க" என்றேன். வெள்ளைச் சட்டைகள் திமுதிமுவென்று வந்து முன்வரிசையை நிறைத்தன. பின்னால் சில பெண்கள் கதவோரம் நின்றார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசித்தபோதுதான் தெரிந்தது, முன்வரிசையில் பலர் தலைவர்களின் வீட்டுக்காரர்கள். வெற்றிச் சான்றிதழில் பெயர் உள்ளவர்கள் மட்டும் இருங்கள் என்றதும் எழுந்து டீக்கடைக்குப் போனார்கள். போகும்போது ஒருவர் என்னிடம், "சார், அதுக்கு ஒண்ணும் தெரியாது, நான் இருந்தாத்தான் சரியா இருக்கும்" என்றார். அது!

வகுப்பில் ஒரு பேச்சுக்கு, ஊரில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். தாயி என்றார் ஒருவர், மதினி என்றார் ஒருவர். ஒல்லியான ஒரு பெண், கடைசி வரிசை, கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரசிடெண்டு பொண்டாட்டின்னு சொல்லுவாக சார்" என்றார். தேர்தலில் நின்றவர் அவர், ஜெயித்தவர் அவர், பிரசிடெண்டும் அவரே. கணவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. வடக்கே இதற்கு சர்பஞ்ச் பதி, அதாவது ஊராட்சித் தலைவரின் கணவர், என்று ஒரு பெயரே உண்டு. நம்மிடம் பெயர் இல்லை, ஆள் உண்டு. சுவரொட்டியில் வேட்பாளர் படம் தபால்தலை அளவில், கணவர் படம் கதவு அளவில், நடுவில் க/பெ என்று இரண்டு எழுத்து.

சாதியும் கூடச் சேர்ந்தால் வீட்டுக்காரர் மட்டும் பிரச்சினை இல்லை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சிக் கூட்டத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில். அவரை அந்த அறையில் அம்மா என்றார்களா, தலைவர் என்றார்களா என்பதற்கு முன்னால் நாற்காலி வருகிறது.

அந்த ஒல்லியான பெண்ணைச் சில மாதம் கழித்து அடுத்த வகுப்பில் பார்த்தேன். இந்தத் தடவை முன்வரிசை. இப்போது எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றேன். நடந்ததைச் சொன்னார். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? குழாய் வேலை செய்த ஒப்பந்தக்காரர் வழக்கம்போல அவர் கணவரிடம் போய் நின்றிருக்கிறார். கணவர் காசோலையை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். இவர், தோண்டிய இடத்தை நேரில் பார்க்காமல் போட மாட்டேன் என்று மூன்று நாள் வைத்திருந்தாராம். மூன்றாவது நாள் ஒப்பந்தக்காரர் வாசலில் வந்து, "தலைவர் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். "'தலைவர்'னு சொன்னாரு சார், 'இருக்காங்களா'ன்னும் கேட்டாரு" என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார். இலக்கணம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆக, உங்கள் மூன்று கேள்விக்கும் வருகிறேன். வீட்டில் பொம்பள என்று சொன்னால் பின்னால் "வந்தாங்க" சேருங்கள், மனைவி மறுபடி திருத்த மாட்டார். யாழ்ப்பாண நண்பரைத் திருத்த வேண்டாம், அவரிடமிருந்து "அவா"வை முடிந்தால் கடன் வாங்குங்கள். மூன்றாவது கேள்விக்கு அந்தக் காசோலைதான் பதில்: கையெழுத்து வந்தபோது சொல்லும் கூடவே வந்தது.

மேடையில் பேசும்போது வேட்பாளர் என்று சொல்லி அவர் பெயரைச் சொல்லுங்கள். "பெண் வேட்பாளர்" வேண்டாம், எதிரணியில் நிற்பவரை "ஆண் வேட்பாளர்" என்று நீங்கள் சொல்லப்போவதில்லையே. அக்கா என்று கூட்டம் கூப்பிட்டால் கூப்பிடட்டும், ஓட்டு விழும். ஆனால் அவர் எத்தனை வருடமாக அந்தத் தெருவில் தண்ணீருக்காக மனு எழுதினார், எந்த வார்டில் எந்தச் சாக்கடையை மூடவைத்தார் என்பதை ஐந்து நிமிடம் சொல்லுங்கள். குடும்ப விளக்கு, தாயுள்ளம் இவை ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். சுவரொட்டி இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், அதில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.